போர்முனைக் கடிதங்களும் அடிமைமுறையும்: அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் எழுதப்பட்ட கடிதங்களில் உலகம் அதிகம் அறிந்தது, சல்லிவன் பாலூ தன் மனைவிக்கு எழுதியதுதான். பாலூ ரோட் ஐலண்ட் மாநிலத்து வழக்கறிஞர். அம்மாநிலச் சட்டமன்றத்தில் சபாநாயகராகவும் இருந்தவர். இரண்டாம் ரோட் ஐலண்ட் காலாட்படையில் மேஜராகச் சேர்ந்து, 1861 ஜூலை 14 அன்று வாஷிங்டனில் இருந்த கிளார்க் முகாமிலிருந்து மனைவி சாராவுக்கு எழுதினார். ஒரே வாரத்தில், ஜூலை 21 அன்று, புல் ரன் போர்க்களத்தில் படுகாயமடைந்தார். சில நாட்களில் உயிர் பிரிந்தது. வயது 32. மனைவி மேல் கொண்ட காதலுக்கும் நாட்டுக்குப் பட்ட கடனுக்கும் நடுவே தவிக்கும் மனம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. மூலப்பிரதி கிடைக்கவில்லை, நகல்களே உள்ளன. 1990இல் கென் பர்ன்ஸ் எடுத்த தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அது வாசிக்கப்பட்ட பிறகு, உள்நாட்டுப் போர் வீரன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாலூவின் குரல்தான்.

அந்தக் கடிதத்தில் அடிமைமுறை பற்றிய பேச்சே இல்லை.

1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அந்நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களை உடைமையாக வைத்திருக்கும் உரிமை குறித்து, வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் இடையே மூண்ட போரில் குறைந்தது 6,20,000 வீரர்கள் மாண்டார்கள் என்று நெடுங்காலம் கணக்குச் சொல்லப்பட்டது. வரலாற்றாய்வாளர் டேவிட் ஹாக்கர் 2011இல் அந்த எண்ணிக்கையை 7,50,000 அளவுக்கு உயர்த்தினார். இவ்வளவு பேர் செத்த போரில், செத்தவர்கள் எதற்காகப் போரிடுவதாக நினைத்தார்கள்? அடிமைமுறை அவர்கள் மனத்தில் இருந்ததா, அல்லது அது வாஷிங்டனிலும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டிலும் இருந்த அரசியல்வாதிகளின் விவகாரம் மட்டும்தானா? வரலாற்றாய்வாளர்கள் வீரர்களின் கடிதக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். விடைகள் ஒத்துப்போகவில்லை. அதற்குக் காரணம் வீரர்களின் மனம் பலவிதமாக இருந்தது மட்டுமல்ல என்று நான் கருதுகிறேன். எந்தக் கடிதம் யார் வீட்டில் மிஞ்சியது, எந்தக் கடிதம் வீடு போய்ச் சேரவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை துலங்கும்.

எழுதப் படிக்கத் தெரிந்த படைகள்

அதுவரை உலகம் கண்ட படைகளில் எழுத்தறிவு மிகுந்தவை இந்த இரண்டு படைகளும். வடக்கின் வெள்ளை வீரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தெற்கில் எண்பதுக்கு மேல். வடக்கில் 3 சென்ட் தபால்தலை இருந்தால் கடிதம் போகும். தபால்தலை இல்லாத வீரன் உறைமேல் படைவீரர் கடிதம் என்று குறித்து அனுப்பலாம். பெறுபவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். தெற்கில் போர் நீள நீளக் காகிதம் அருகிப்போனது. எழுதிய பக்கத்தையே குறுக்கே திருப்பி அதன்மேல் மறுபடி எழுதினார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று, இந்தக் கடிதங்களைத் தணிக்கை செய்ய முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை ஆங்கிலேய அரசு தனி அலுவலகம் வைத்துப் பிரித்துப் படித்தது. இன்று நமக்குக் கிடைக்கும் அவர்களுடைய வரிகளில் பெரும்பாலானவை தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வெள்ளை வீரனுக்கு அந்தப் பயம் இல்லை. தளபதியைத் திட்டலாம், அதிபர் லிங்கனைத் திட்டலாம், போரே வேண்டாம் என்று எழுதலாம். வீட்டுக்குப் பொய் சொன்னால் ஊர்க்காரனான பக்கத்துக் கூடாரத்துக்காரன் தன் வீட்டுக்கு உண்மையை எழுதிவிடுவான். ஆகவே ஆய்வாளர்கள் இவற்றைப் பெரிதும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் அது ஒரு நிறத்தவரின் கடிதங்களுக்கே பொருந்தும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பத்தில் ஒருவர், பத்தில் மூவர்

இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர் பெல் இர்வின் வைலி. தெற்கத்திய வீரர்களைப் பற்றி 1943லும் வடக்கத்திய வீரர்களைப் பற்றி 1952லும் அவர் எழுதிய இரண்டு நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. உணவு, பேன், காய்ச்சல், வீட்டு ஏக்கம் என்று சாதாரண வீரனின் அன்றாடத்தை வரலாற்றுக்குள் கொண்டுவந்தவர் அவர். அடிமை விடுதலையில் உண்மையான அக்கறை கொண்ட வடக்கத்திய வீரர்கள் எந்தக் காலகட்டத்திலும் பத்தில் ஒருவருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. ஒரு தலைமுறை முழுக்க இந்தக் கணிப்பே பாடமாக ஓடியது.

1997இல் ஜேம்ஸ் மெக்பெர்சன் வேறு ஒரு கணக்கோடு வந்தார். 25,000க்கும் மேற்பட்ட கடிதங்கள், 249 நாட்குறிப்புகள். வடக்கில் 647 வீரர்கள், தெற்கில் 429 வீரர்கள். போரின் முதல் பதினெட்டு மாதங்களிலேயே வடக்கத்தியரில் பத்தில் மூவர் அடிமைமுறையை ஒழிக்காமல் போர் முடியாது என்று எழுதியிருந்ததை அவர் கண்டார். 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த குளிர்காலத்தில் முகாம்களில் கசப்பு பொங்கியது; கறுப்பர்களுக்காகச் சாக நான் வரவில்லை என்ற தொனியில் எத்தனையோ கடிதங்கள் போயின. ஓராண்டுக்குள் காற்று திசை மாறியது. 1864 தேர்தலில் படைவீரர்களில் ஏறக்குறைய 78 சதவீதம் பேர் லிங்கனுக்கு வாக்களித்தார்கள்; பொதுமக்களிடம் அவருக்கு அவ்வளவு ஆதரவு இல்லை.

2007இல் சாண்ட்ரா மேனிங் இன்னும் ஒரு படி மேலே போனார். முகாம்களில் வீரர்களே அச்சிட்ட செய்தித்தாள்களையும் கடிதங்களோடு சேர்த்துப் படித்தார். ஊரிலிருந்த பொதுமக்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் முன்பே, 1861 முடிவதற்குள்ளேயே, வடக்கத்திய வீரர்களில் பலர் அடிமைமுறை ஒழிய வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். கேரி கல்லகர் 2011இல் இதற்கு எதிர்வாதம் வைத்தார்: பெரும்பாலான வடக்கத்தியருக்கு நாடு பிளவுபடாமல் இருப்பதே குறிக்கோள், அடிமை விடுதலை அதற்கு உதவும் கருவி என்பதால் ஏற்றுக்கொண்டார்கள்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எதிரியின் வயலில் உழைப்பவர்களை இந்தப் பக்கம் இழுத்தால் எதிரி தளர்வான் என்ற கணக்குப் பல கடிதங்களில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அடிமைமுறையை வெறுத்தவர்களே கறுப்பர்களைச் சமமாக நினைக்கவில்லை என்பதற்கும் அதே கடிதங்கள் சாட்சி. ஆனால் எத்தனை சதவீதம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒன்று கைநழுவிப் போகிறது. மாறியவர்கள் எதைப் பார்த்து மாறினார்கள்?

ஒரு கர்னலின் ஓராண்டு

மார்கஸ் ஸ்பீகல் ஜெர்மனியில் பிறந்து ஒஹையோவில் குடியேறிய யூதர். அரசியலில் ஜனநாயகக் கட்சிக்காரர். லிங்கனின் கட்சிக்கு எதிர்ப்பக்கம். 120ஆம் ஒஹையோ காலாட்படையின் கர்னலாக உயர்ந்தவர். மனைவி கரோலினுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வந்துள்ளன. 1863 ஜனவரியில், பிரகடனம் வெளியான சூட்டில் எழுதிய கடிதத்தில், லிங்கனின் இந்தப் பிரகடனத்துக்காகத் தேவைக்கு மேல் ஒரு நாள்கூடப் போரிட விரும்பவில்லை என்று மனைவியிடம் கொட்டித் தீர்க்கிறார். போரே அலுத்துவிட்டது என்கிறார்.

சரியாக ஓராண்டு கழித்து, 1864 ஜனவரியில், லூசியானாவின் பிளாக்மின் என்ற ஊரிலிருந்து அதே மனைவிக்கு எழுதுகிறார். இங்கே வந்த பிறகு அடிமைமுறையின் கொடூரத்தை இதுவரை அறியாத அளவுக்கு நேரில் கண்டேன், அந்தச் சாபக்கேடு முடியப்போவதற்கான அறிகுறிகள் தெரிவதில் மகிழ்ச்சி, இனி ஒருநாளும் அடிமைமுறைக்கு ஆதரவாகப் பேசவோ வாக்களிக்கவோ மாட்டேன் என்கிறார். அந்த ஆண்டு மே மாதம் ரெட் ஆற்றில் அவர் சென்ற படகு தாக்கப்பட்டது, குண்டடிபட்டு இறந்தார்.

ஸ்பீகலை மாற்றியது எந்தப் புத்தகமும் இல்லை, எந்தப் பேச்சாளரும் இல்லை. லூசியானாவின் கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அவர் கண்ணால் கண்டவைதான். அவர் ஒருவர் அல்ல, ஆயிரக்கணக்கான வடக்கத்தியர் தெற்கே காலெடுத்து வைத்த பிறகுதான் முதன்முறையாக அடிமைகளைப் பார்த்தார்கள். அதுவும் சும்மா பார்க்கவில்லை. அடிமைகளாக இருந்தவர்களே முகாமைத் தேடி வந்தார்கள். 1861 மே மாதம், வர்ஜீனியாவில் வடக்குப் படையின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று பேர் ஓடி வந்தார்கள். தெற்கத்தியப் படைக்குக் கொத்தளம் கட்டும் வேலையிலிருந்து தப்பியவர்கள் அவர்கள். தளபதி பெஞ்சமின் பட்லர் அவர்களைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அந்தச் செய்தி வாய்மொழியாகவே தோட்டம் தோட்டமாகப் பரவியது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் பேர் வடக்குப் படையின் எல்லைக்குள் வந்து சேர்ந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இவர்கள் வருகைதான் கூடாரத்துக்குள் வாக்குவாதத்தைக் கொண்டுவந்தது. மாசசூசெட்ஸின் 10ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த சார்லஸ் ஹார்வி புரூஸ்டர், 1861–62 குளிர்காலத்தில் நார்தாம்டனில் இருந்த தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்களில் இதைப் பார்க்கலாம். முகாமில் அடைக்கலம் புகுந்தவர்களை எஜமானர்களிடம் ஒப்படைப்பதா கூடாதா என்று அதிகாரிகள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். புரூஸ்டர் தன்னிடம் வேலைக்கு இருந்த டேவிட் என்ற இளைஞனைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறார். காட்டிக்கொடுப்போரைத் தாயிடம் கடிந்து எழுதுகிறார். ஓடி வந்தவர்களைப் பிடித்துத் தர ராணுவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று நாடாளுமன்றம் 1862 மார்ச்சில் விதி செய்தது. சட்டம் செய்தவர்களுக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கூடார வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள், இரவோடு இரவாக நடந்து வந்த அந்த மனிதர்கள்தான். மேனிங், கல்லகர் வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் இந்த உண்மையை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

தெற்கின் மௌனம்

தெற்கத்தியரின் கடிதங்கள் வேறு சிக்கலைத் தருகின்றன. மெக்பெர்சன் படித்த 429 பேரில் அடிமைமுறைக்காகப் போரிடுவதாக வெளிப்படையாக எழுதியவர்கள் 20 சதவீதம்தான். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தினரில் 33 சதவீதம், வைத்திராத குடும்பத்தினரில் 12. இந்த எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு, தெற்கத்தியர் தங்கள் மண்ணைக் காக்கப் போரிட்டார்கள், அடிமைமுறைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த 429 பேரில் அடிமைமுறையை மறுத்து எழுதியவர் ஒருவர்கூட இல்லை என்று மெக்பெர்சனே அதே இடத்தில் சொல்வதை அவர்கள் சொல்வதில்லை.

மௌனத்துக்குக் காரணம் எளிது. வடக்கில் அடிமைமுறை சர்ச்சைக்குரிய விஷயம். அதனால் எழுதினார்கள், சண்டை போட்டார்கள். தெற்கில் அது காலையில் எழுந்ததும் அடுப்பு எரிவதுபோல வாழ்க்கையின் ஏற்பாடு, எழுதத் தோன்றவில்லை. சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்று அவர்கள் எழுதும்போது, அந்தச் சுதந்திரத்துக்குள் அடிமைகளை வைத்திருக்கும் சுதந்திரமும் அடக்கம். 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசிய அவர்களுடைய துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் தங்கள் அரசின் அடித்தளக் கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்ற கோட்பாடுதான் என்று ஒளிவுமறைவில்லாமல் அறிவித்தார். 1862 அக்டோபரில், இருபது அடிமைகள் இருக்கும் தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு என்று சட்டம் வந்தபோது, பணக்காரன் மூட்டிய போரில் ஏழை சாகிறான் என்று ஏழை வீரர்கள் குமுறினார்கள். அந்தக் குமுறலும் விலக்கு மேல்தான் பாய்ந்ததே தவிர அடிமைமுறையின் மேல் பாயவில்லை.

இங்கே தெற்கத்தியத் தளபதி ராபர்ட் லீயின் கடிதங்களைச் சொல்லியாக வேண்டும். போருக்கு ஐந்தாண்டு முன்பு, 1856 டிசம்பர் 27 அன்று டெக்சஸ் பிரவுன் கோட்டையிலிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அடிமைமுறை எந்த நாட்டிலும் தீமையே என்று ஒரு வரி வருகிறது. லீ அடிமைமுறையை எதிர்த்தவர் என்று நிறுவ அந்த ஒரு வரி எத்தனையோ முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. அடுத்த வரிகளில் அவர் சொல்வது: அது கறுப்பரைவிட வெள்ளையருக்கே பெரிய கேடு, ஆப்பிரிக்காவில் இருந்ததைவிட அவர்கள் இங்கே எவ்வளவோ மேலான நிலையில் இருக்கிறார்கள், அவர்கள் படும் கடுமையான கட்டுப்பாடு அவர்களைப் பண்படுத்தத் தேவை, எவ்வளவு காலம் என்பது இறைவன் சித்தம்.

போர் நடந்த காலத்தில், 1862 டிசம்பர் 25 அன்று, பிரெடரிக்ஸ்பர்க் வெற்றிக்குப் பின் அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் இன்னும் புகழ் பெற்றது. போர் எவ்வளவு கொடியது, குடும்பங்களைப் பிரிக்கிறது, அண்டை வீட்டார் மேல் அன்பு இருக்க வேண்டிய நெஞ்சில் வெறுப்பை நிரப்புகிறது என்று மனம் நொந்து எழுதுகிறார். உருக்கமான வரிகள், அந்த உருக்கம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் அவருடைய மாமனாரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர் அவரே. மாமனார் 1857இல் இறந்தபோது, ஐந்தாண்டுகளுக்குள் தன் அடிமைகள் அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். லீ அந்தக் கெடுவின் கடைசி வரை அவர்களை வேலை வாங்கினார். பலரை வெளியிடங்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்தப் பண்ணையின் குடும்பங்கள் இதனால் சிதறிப்போனதை, லீயின் கடிதங்களை ஊன்றிப் படித்த எலிசபெத் பிரவுன் பிரையர் 2007இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். குடும்பங்களைப் பிரிக்கும் போரை நொந்து எழுதிய கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 29 அன்றுதான், விடுதலைப் பத்திரத்தில் லீ கையெழுத்திட்டார். போர் குடும்பத்தைப் பிரிப்பதைக் காண முடிந்தவருக்கு, தன் கையெழுத்தால் பிரிந்த குடும்பங்கள் அந்தக் கடிதத்தில் எழுதத்தக்கவையாகத் தெரியவில்லை.

போர் முடிந்த பின் தெற்கின் முன்னாள் படைவீரர்கள் பலர் காரணத்தை மாற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். மாநில உரிமை, மண்ணின் மானம் என்று நினைவுக்குறிப்புகள் பெருகின. குதிரைப்படைத் தளபதி ஜான் மாஸ்பி மட்டும் 1907இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புரட்டை ஏற்க மறுத்தார். தெற்கு அடிமைமுறைக்காகத்தான் போருக்குப் போனது, நான் அந்தப் பக்கம் போரிட்டேன், ஒரு வீரன் சரியோ தவறோ தன் நாட்டுக்காகப் போரிடுகிறான், அதற்காக வெட்கப்படவில்லை என்பது அவர் நிலை. வெட்கப்படவில்லை என்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார் என்பது மதிக்கத்தக்கது.

வீடு போய்ச் சேராத கடிதங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் வெள்ளையரின் கடிதங்கள். அவை எப்படி மிஞ்சின? தாயோ மனைவியோ பெற்றுக்கொண்டார்கள், கட்டி வைத்தார்கள், பேரப்பிள்ளைகள் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். கடிதம் பாதுகாக்கப்பட ஒரு வீடு வேண்டும். வீட்டுக்காரருக்குத் தன் பெட்டி தனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் ஏறக்குறைய 1,79,000 பேர். படையில் பத்தில் ஒரு பங்கு. இவர்களில் பெரும்பாலோர் நேற்று வரை அடிமைகள். மிசௌரியில் கறுப்பர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே 1847 முதல் குற்றம். இப்படிப்பட்ட ஒருவன் வீட்டுக்கு எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்க ஆள் தேட வேண்டும். கடிதம் போய்ச் சேரும் இடம் எஜமானனின் வீடு. மனைவிக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டுபவன் யார் பக்கம் என்பது தெரியாது. தணிக்கை இல்லாத போர் என்று முன்பு சொன்னேனே, அது இவர்களுக்கு இல்லை. தணிக்கையாளர் எஜமானரே.

இந்தக் கடிதங்கள் மிஞ்சிய இடம் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் ராணுவக் கோப்புகள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கப்பட்ட ஆய்வுத்திட்டம் ஒன்று, ஐரா பெர்லின் தலைமையில், அந்தக் கோப்புகளைத் துழாவி ஆயிரக்கணக்கான ஆவணங்களை வெளிக்கொண்டு வந்தது. கறுப்பின வீரர்கள் பற்றிய தொகுதி 1982இல் வெளியானது. புகாராக, சாட்சியாக, பிடிபட்ட பொருளாக அரசிடம் போய்ச் சேர்ந்ததால் பிழைத்த கடிதங்கள் பல அதில் உண்டு.

மேரிலாந்திலிருந்து தப்பிய ஜான் பாஸ்டன் 1862 ஜனவரி 12 அன்று வர்ஜீனியாவின் அப்டன் குன்றிலிருந்து மனைவி எலிசபெத்துக்கு எழுதினார். புரூக்ளின் 14ஆம் படைப்பிரிவோடு பத்திரமாக இருப்பதாகவும், இன்று ஒரு சுதந்திர மனிதனாக உன்னோடு பேசுகிறேன், கடவுளுக்கு நன்றி என்றும் சொல்கிறார். எகிப்திலிருந்து மீண்ட இஸ்ரவேலர் நினைவு அவருக்கு வருகிறது. மனைவியை மறுபடி காண்பேனா என்ற துயரமும் வருகிறது. அந்தக் கடிதம் மேரிலாந்து சட்டமன்றத்தார் கைக்குப் போய், அங்கிருந்து ஓடிப்போன அடிமைகளை ராணுவம் வைத்திருக்கிறது என்ற புகாருக்குச் சான்றாக மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது. ஒருவன் மனைவிக்கு எழுதிய அன்பு, போர்த்துறைக் கோப்பில் குற்றச்சான்றாகப் போய் உட்கார்ந்தது.

மறுமுனையிலிருந்து வந்த கடிதங்களும் உண்டு. மிசௌரியின் பாரிஸ் என்ற ஊரிலிருந்து 1864 ஜனவரியில் ஆன் என்ற பெண் படையிலிருந்த கணவருக்கு ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார். நீர் போனதிலிருந்து என்னை நாளுக்கு நாள் மோசமாக நடத்துகிறார்கள். எனக்கும் குழந்தைக்கும் உடுத்தத் துணியில்லை. பணம் அனுப்பும் என்கிறார். எழுதிக்கொடுத்தவர் அடியில் தன் பங்குக்கு ஒரு குறிப்புச் சேர்க்கிறார்: அடிக்கடி எழுதாதே, மாதம் ஒன்று போதும்; அவளிடமிருந்து கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எழுது, இல்லாவிட்டால் உன் கடிதம் அவள் கைக்குப் போகாது. போர்க்கால அடிமைமுறையைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த அடிக்குறிப்பு அளவுக்கு விளக்கமானது வேறில்லை.

1864 செப்டம்பர் 3 அன்று ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் எழுதிய இரண்டு கடிதங்களில் இந்த முழுக் கேள்வியும் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். மிசௌரியின் கிளாஸ்கோ பகுதியில் புகையிலைத் தொழிலில் அடிமையாக இருந்தவர் அவர். எழுத்து கற்றுக்கொடுத்தவர் எஜமானரின் மகன். அதனால் வீட்டில் பெரும் சண்டை. 1864 பிப்ரவரியில் படையில் சேர்ந்தார். செயின்ட் லூயிஸ் பென்டன் முகாம் மருத்துவமனையில் கிடந்தபடி, இன்னும் அடிமைகளாக இருந்த மகள்களுக்கு ஒரு கடிதமும், மகள் மேரியை உடைமையாக வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்பவருக்கு ஒரு கடிதமும் எழுதினார். மகள்களிடம், என் உயிரே போனாலும் உங்களை மீட்பேன் என்கிறார். வெள்ளை வீரர் 800 பேரும் கறுப்பு வீரர் 800 பேரும் ஆற்றின் வழியே கிளாஸ்கோவுக்கு வரப்போகிறார்கள் என்கிறார். எஜமானியிடம் பேசும் தொனி வேறு. மேரி கடவுள் எனக்குக் கொடுத்த பிள்ளை. சொந்தப் பிள்ளையை மீட்க ஒரு காலத்தில் உங்களிடம் 40 டாலர் தர முன்வந்தேன், நீங்கள் வாங்காததில் இன்று மகிழ்கிறேன். எவ்வளவு காலம் அவளை வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு காலம் நரகத்தில் வேக வேண்டியிருக்கும்.

மிசௌரி அடிமைமுறை இருந்தும் வடக்கின் பக்கம் நின்ற மாநிலம். அதனால், கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்திய லிங்கனின் பிரகடனம் அங்கே செல்லாது; ரைஸின் மகள்கள் சட்டப்படி இன்னும் கிட்டியின் வகையறாவுக்குச் சொந்தம். கிட்டியின் சகோதரர் கிளாஸ்கோவின் தபால் அதிகாரி. இரண்டு கடிதங்களையும் அவர் தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பி, இந்த மனிதனை மாநிலத்தை விட்டே அகற்ற வேண்டும் என்று கோரினார். அதனால்தான் இன்று அவற்றைப் படிக்கிறோம்.

எழுதவே முடியாதவர்களும் இருந்தார்கள். கென்டக்கியின் நெல்சன் முகாமிலிருந்து 1864 நவம்பரில், கடுங்குளிரில், கறுப்பின வீரர்களின் குடும்பங்களை வடக்கு ராணுவமே விரட்டியது. சுமார் 400 பேரில் 102 பேர் மடிந்தார்கள். ஜோசப் மில்லர் என்ற வீரர் அளித்த வாக்குமூலம் இருக்கிறது, அடியில் கைநாட்டு. நோயாளியான சிறு மகனைக் குளிரில் வண்டியேற்றினார்கள்; இரவில் சுமார் ஆறு மைல் நடந்து நிக்கலஸ்வில் போனார்; பிள்ளை இறந்து கிடந்தான்; உத்தரவுப்படி அன்றிரவே முகாமுக்குத் திரும்பினார்; மறுநாள் மறுபடி நடந்துபோய்த் தானே குழி தோண்டிப் புதைத்தார். வீட்டுக்கு எழுத அவருக்கு வீடும் இல்லை, எழுத்தும் இல்லை. இந்த வாக்குமூலத்தைப் போன்றவை எழுப்பிய கண்டனத்தின் விளைவாக, வீரர்களின் மனைவி மக்களை விடுவிக்கும் சட்டம் 1865 மார்ச் 3 அன்று நிறைவேறியது. மில்லர் அதைக் காணவில்லை. மனைவியும் எல்லாப் பிள்ளைகளும் போன பின், ஜனவரியில் அவரும் இறந்தார்.

எழுத்துக்கு இவர்கள் கொடுத்த மதிப்பும் இங்கே பதிவாக வேண்டியது. முகாம்களில் இரவுப் பள்ளிகள் நடந்தன. 62ஆம், 65ஆம் கறுப்பினப் படைப்பிரிவு வீரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சேர்த்த பணத்தில் 1866இல் மிசௌரியின் ஜெபர்சன் நகரில் ஒரு கல்விக்கூடம் எழுந்தது. அதுவே இன்றைய லிங்கன் பல்கலைக்கழகம். அந்தச் சம்பளமும் சும்மா வந்ததல்ல. வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர்; கறுப்பு வீரனுக்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். 54ஆம் மாசசூசெட்ஸ் படையின் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், மாரிஸ் தீவிலிருந்து 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கே எழுதிக் கேட்டார்: வீரனுக்குரிய கடமையைச் செய்தோம், வீரனுக்குரிய சம்பளம் எங்களுக்கு ஏன் இல்லை? அந்தப் படைப்பிரிவினர் குறைத்துக் கொடுத்த சம்பளத்தை வாங்கவே மறுத்துப் போரிட்டார்கள். நாடாளுமன்றம் 1864 ஜூனில் சம ஊதியம் தந்தது. குடிங் அடுத்த மாதம் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்தார்.

அப்படியானால் வீரர்கள் அடிமைமுறை பற்றிய போராக இதை நினைத்தார்களா? வைலி தொடங்கிக் கல்லகர் வரை இந்த விவாதம் பெரும்பாலும் வெள்ளை வீரனின் மனத்தை அளப்பதாகவே நடந்திருக்கிறது. அந்த அளவில் விடை: சிலர் தொடக்கத்திலேயே, பலர் கண்டு தெளிந்து, தெற்கத்தியர் சொல்லாமலேயே. 1,79,000 கறுப்பின வீரர்களையும் வீரர்கள் என்று கணக்கில் சேர்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. ரைஸிடமோ ஆனின் கணவரிடமோ போய், இந்தப் போர் அடிமைமுறையைப் பற்றியதா என்று யாரும் கேட்க முடியாது. வெள்ளை வீரர்களின் மாற்றமும் இவர்களிடமிருந்தே தொடங்கியது என்பதால், ஆய்வும் இவர்களிடமிருந்தே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் முடிவு.

மிசௌரி 1865 ஜனவரி 11 அன்று அடிமைமுறையை ஒழித்தது. எந்த மகளுக்காக ரைஸ் எழுதினாரோ அந்த மேரி, 1937இல் தன் 85ஆம் வயதில் செயின்ட் லூயிஸில் அரசின் நேர்காணலாளரிடம் தந்தையைப் பற்றிப் பேசினார். தன் உரிமைக்காகப் போராடும் மனிதனைத் தனக்குப் பிடிக்கும் என்றார். பாலூவின் கடிதத்தைப் பாடநூலிலும் தொகைநூலிலும் சேர்ப்பவர்கள் ரைஸின் கடிதங்களையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மேரிலாந்துத் திட்டத்தார் பல கடிதங்களை இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு பத்துக் கடிதமாவது தமிழுக்கு வர வேண்டும்; நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஜான் பாஸ்டனிலிருந்து தொடங்கலாம்.